கடல் மாறிய மீன்களும் கதவைத் திறந்த கைகளும்

நுகேகொடையில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து கிருலப்பனைக் கால்வாய் நடை தூரத்தில்தான் இருக்கிறது. மருத்துவர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து காலை வேளைகளில் அந்தப் பக்கம் போய்வருவது வழக்கமாகிவிட்டது. அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஓர் இளைஞன் கரிய நிற மீன் ஒன்றை இழுத்தெடுத்தான். முழங்கை நீளம். உடலெங்கும் கவசம் போன்ற தடித்த செதில்கள். வாய் அடிப்பக்கத்தில் உறிஞ்சியைப் போல இருந்தது. அவன் அதைக் கூடையிலும் போடவில்லை, தண்ணீரிலும் விடவில்லை. புல்லின்மேல் எறிந்துவிட்டுத் தூண்டிலுக்கு மறுபடியும் இரை குத்தத் தொடங்கினான்.

"இது என்ன மீன், தம்பி?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"டாங்க் கிளீனர், அங்கிள். ஒருவரும் சாப்பிடமாட்டார்கள். திரும்பப் போட்டால் வலைகளைக் கிழிக்கும்."

"இங்கே எப்படி வந்தது?"

"யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்" என்றான்.

அந்த 'யாரோ' என்ற சொல்லைக் கேட்டதும் நான் மேலே எதுவும் பேசாமல் நடந்துவிட்டேன். காரணம், அந்த 'யாரோ'க்களில் நானும் ஒருவன். இதுவரை எங்கும் எழுதாத ஒரு விடயத்தை இன்று எழுதியாக வேண்டும் என்று தோன்றியது அதனால்தான்.

2006ஆம் ஆண்டு. அப்போது நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருந்தோம். மகனுக்கு ஒன்பது வயது. அவனுடைய பிடிவாதத்துக்காக ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, நாலைந்து வண்ண மீன்களையும் விட்டோம். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று சொல்லிக் கடைக்காரர் விரல் நீளத்தில் ஒரு கரிய மீனையும் கையில் தந்தார். அது எவ்வளவு வளரும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்குள் தொட்டிக்குள் திரும்ப இடமில்லாத அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்தார். கொல்வதற்கு மகன் விடவில்லை. எனக்கும் மனம் வரவில்லை. ஒரு நாள் இரவு அதை வாளியில் எடுத்துக்கொண்டு இருவருமாக வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் போனோம்.

போர் மறுபடியும் மூண்டிருந்த காலம் அது. வழியில் காவலரண் ஒன்றில் எங்களை நிறுத்தினார்கள். சிப்பாய் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். எந்த ஊர், எப்போது கொழும்புக்கு வந்தீர்கள், எங்கே வேலை, பொலிஸ் பதிவு இருக்கிறதா என்று கேட்டார். பிறகு வாளிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். மீனைக் கண்டதும் சிரித்துவிட்டு, போகச் சொன்னார். மீனின் ஊரை அவர் கேட்கவில்லை. அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா.

மகன் அதைத் தண்ணீரில் விட்டுக் கையசைத்தான். ஓர் உயிரைக் காப்பாற்றிய நிறைவோடு வீடு திரும்பினோம்.

இரக்கத்தின் விளைவு

நான் பல்கலைக்கழகத்தில் படித்தது கலை. விலங்கியல் அறியேன். ஆயினும் முப்பது ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில், நான் செய்த காரியம் என்னவென்று பிற்பாடு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த மீன் கரையோர மண்ணைக் குடைந்து வளைகள் செய்து அவற்றில் முட்டையிடுகிறது. அதனால் கரைகள் சரிகின்றன. ஒட்சிசன் குறைந்த அழுக்கு நீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்கிறது. அதன் கூரிய முட்கள் மீனவரின் வலைகளில் சிக்கி அவற்றைப் பாழாக்குகின்றன. இன்று கொழும்பைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் மட்டுமன்றி, தமிழ்நாட்டு ஏரிகளிலும் இது பெருகிக் கிடக்கிறது. அங்கும் இங்கும் கண்ணாடித் தொட்டியிலிருந்துதான் வெளியேறியது.

இது தனியொரு கதையும் அல்ல. நுகேகொடைக்குத் தெற்கே இருக்கும் பெல்லன்வில–அத்திடிய சதுப்புநிலம் 1990ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதே பத்தாண்டிலேயே, தென்கிழக்காசியாவைச் சேர்ந்த கத்தி மீன் அங்கும் பொல்கொடை ஏரியிலும் காணப்படத் தொடங்கியது. அலங்கார மீன் வளர்த்த இடங்களிலிருந்து தப்பிய மீன் அது. சிறு மீன்களையும் இறாலையும் தின்று வளர்வது. சரணாலயம் என்று பலகை நட்டோம். பலகையைப் படித்துவிட்டா மீன் உள்ளே வருகிறது?

குருநாகல் மாவட்டத்தில் தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தின் நிலையும் இதுதான். நம் நாட்டு விறாலின் உறவினமான, தென்கிழக்காசிய இராட்சத விறால் அங்கே பெருகி, மீனவர் நம்பியிருந்த மற்ற மீன்களைத் தின்னத் தொடங்கியது. 2025ஆம் ஆண்டில் அதைப் பிடித்துக் குறைப்பதற்காகத் தூண்டில் போட்டி ஒன்றே நடத்த வேண்டியதாயிற்று. ஒரு தொட்டியிலிருந்து வந்ததை ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து தூண்டிலால் அகற்றும் முயற்சி எவ்வளவு தூரம் போகும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

குளத்துக்கும் கால்வாய்க்கும் கரை உண்டு. எனவே சேதத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழுகிறது. நான் விட்டது நன்னீர் மீன் என்பதால் அது கடலோடிப் போய்ப் பெருகவில்லை. ஆனால் அன்று என் வாளியில் இருந்தது கடல் மீனாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இந்தக் கேள்விக்கு உலகின் மறுபக்கத்தில் ஏற்கெனவே விடை கிடைத்திருக்கிறது.

நம் கடல் மீன், அவர்கள் கடலில்

சிங்கமீன் என்று ஒன்று உண்டு. சிவப்பும் வெள்ளையுமாக வரிகள், விசிறி போல விரியும் செட்டைகள், நஞ்சு பாய்ச்சும் முட்கள். அதன் இரண்டு இனங்கள் இன்று உலகச் செய்தியாகியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று நம் நாட்டுக் கடலடிப் பாறைகளிலும் சாதாரணமாகக் காணப்படுவது. இங்கே அதனால் எவருக்கும் பெருந்தொல்லை இல்லை. பாறை மீன்களுக்குள் அதுவும் ஒன்றாக, அளவோடு வாழ்கிறது.

1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரத்தில் ஒரு சிங்கமீன் பிடிபட்டது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் இருக்கவே கூடாத மீன் அது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அது வேகமாகப் பரவியது. 2004இல் பகாமாஸ் தீவுகள், அதன்பின் கரீபியக் கடல், மெக்சிகோ வளைகுடா, 2014இல் பிரேசில். பகாமாஸில் சில பாறைத்திட்டுகளை ஆராய்ந்தபோது, இரண்டே ஆண்டுகளில் சிங்கமீனுக்கு இரையாகும் சிறு மீன்களின் நிறை நூற்றுக்கு 65 வீதம் குறைந்திருந்தது. ஒரு பெண் மீன் ஆண்டொன்றுக்கு இருபது இலட்சம் முட்டைகள் வரை இடக்கூடியது. அந்தக் கடலின் சிறு மீன்கள் இப்படியொரு வேட்டைக்காரனை அறிந்தவை அல்ல. அதைக் கண்டால் ஓட வேண்டும் என்பதே அவற்றுக்குத் தெரியாது.

இது எப்படி அங்கே போனது? 1992ஆம் ஆண்டுச் சூறாவளியில் கரையோர வீடொன்றின் மீன் தொட்டி உடைந்து, ஆறு மீன்கள் கடலுக்குத் தப்பின என்ற கதை நெடுங்காலம் பத்திரிகைகளில் உலாவியது. கேட்பதற்குச் சுவையான கதை. பழி புயலின் தலையில் விழுந்துவிடும், மனிதருக்குப் பங்கில்லை. ஆனால் முதல் மீன் பிடிபட்டது புயலுக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னர். அந்தக் கதையை முதலில் எழுதிய ஆய்வாளரே பிற்காலத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வளர்த்தவர்கள் கொண்டுபோய் விட்ட மீன்களிலிருந்தே இந்தப் பெருக்கம் தொடங்கியது என்பதுதான் ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. அவர்களிலும் எத்தனை பேர் ஒரு வாளியோடும் ஒரு பிள்ளையோடும் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மத்தியதரைக் கடலின் கதை வேறு. அங்கே வாளி இல்லை, கால்வாய் இருந்தது. 1869 நவம்பரில் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டபோது இரண்டு கடல்களும் இணைந்தன. வழியில் இருந்த ஏரிகளின் கடும் உப்பு நெடுங்காலம் மீன்களைத் தடுத்தது. அந்த உப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. மறுமுனையில் நைல் நதியின் வெள்ளநீர் ஒரு தடுப்பாக இருந்தது. 1970இல் அஸ்வான் பேரணை கட்டி முடிந்ததும் அதுவும் குறைந்தது. கால்வாயோ காலத்துக்குக் காலம் அகலமும் ஆழமும் ஆக்கப்பட்டது, 2015இலும் விரிவாக்கப்பட்டது. கடல் நீர் வெப்பமாகி வருவதும் சேர்ந்துகொள்ள, செங்கடல் வழியாக இன்று நூற்றுக்கும் அதிகமான மீன் இனங்கள் மத்தியதரைக் கடலுக்குள் புகுந்துவிட்டன.

அவற்றில் ஒன்று யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு நன்கு பழக்கமான ஓரா மீனின் உறவினம். எங்கள் வீட்டில் ஓரா வாங்கிய நாளென்றால் அம்மா முள்ளைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருப்பார், குத்தினால் கடுக்கும். சுவைக்கு அதற்கு நிகரில்லை. ஓரா பாசியும் கடற்புல்லும் மேயும் சாதுவான மீன். செங்கடலிலிருந்து 1920களில் மத்தியதரைக் கடலுக்குள் புகுந்த அதன் இனம், பிறகு வந்த இன்னோர் இனத்தோடு சேர்ந்து, துருக்கிக் கரையோரத்தில் கடலடிப் பாசிக் காடுகளை மேய்ந்து தீர்த்து, பாறைகளை மொட்டையாக்கிவிட்டது. ஆடு மாடு மேயாத தோட்டத்தில் ஆடு புகுந்தால் எப்படியோ அப்படி. பாசி போனதும் அதற்குள் ஒளிந்து வாழ்ந்த குஞ்சுகளுக்கு இடமில்லாமல் போயிற்று.

இந்து சமுத்திரத்தைச் சேர்ந்த நச்சுப் பேத்தை மீன் ஒன்றும் 2003ஆம் ஆண்டில் துருக்கிக் கடலில் தலைகாட்டியது. பேத்தையை உண்ணக்கூடாது என்று நம் கடற்கரையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அங்குள்ளவர்களுக்கு அந்த அறிவு இருக்கவில்லை. தின்று நஞ்சேறியவர்கள் உண்டு. வலைகளையும் தூண்டில்களையும் அது கடித்து அறுக்கிறது. சைப்பிரஸும் துருக்கியும் அதைப் பிடித்துத் தருவோருக்குப் பணம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டன. ஒரு மீன் வாழும் இடத்தில் அதைப் பற்றிய அறிவும் கூடவே வாழ்கிறது. மீன் இடம்பெயரும்போது அந்த அறிவு கூடப் போவதில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. ஓரா இங்கே விருந்து, அங்கே அழிவு. சிங்கமீன் இங்கே பத்தோடு பதினொன்று, அங்கே பேரிடர். மீன் மாறவில்லை. அது பிறந்த கடலில் எதைச் செய்ததோ அதையேதான் போன கடலிலும் செய்கிறது. குற்றத்தை மீனின் குணத்தில் தேடுவதில் பயனில்லை. கதவைத் திறந்த கை எது என்பதே கேள்வி.

யப்பான் மீன் சொல்லும் பாடம்

"அப்படியானால் வெளியிலிருந்து வந்த மீன் எல்லாமே தீமையா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. திலாப்பியாவை எடுத்துக்கொள்வோம். வன்னியிலும் மட்டக்களப்பிலும் யப்பான் மீன், தமிழ்நாட்டில் ஜிலேபி மீன் என்று சொல்லப்படுவது. யப்பானுக்கும் அதற்கும் பிறப்புறவு எதுவுமில்லை. அது ஆபிரிக்க மீன். 1952ஆம் ஆண்டில் இலங்கைக்கும், அதே ஆண்டில் இந்தியாவில் மண்டபத்துக்கும் கொண்டுவரப்பட்டது.

நம் பண்டைய குளங்கள் மனிதர் கட்டியவை. இந்நாட்டு ஆற்று மீன்களில் பெரும்பாலானவை அகன்ற, ஆழமான குளங்களில் பெருகி வாழப் பழகியவை அல்ல. அந்த வெற்றிடத்தில் திலாப்பியா நிறைந்தது. இன்று வறண்ட பிரதேசத்துக் குளங்களை நம்பி வாழும் மீனவக் குடும்பங்களின் பிழைப்பு பெரும்பாலும் அதன்மேல்தான் நிற்கிறது. கடல் மீன் எட்டாத ஊர்களில் ஏழைகளின் சட்டியில் வேகும் மீனும் அதுதான். சமயக் காரணங்களை முன்னிட்டு 1990ஆம் ஆண்டில் அரசு நன்னீர் மீன்பிடிக்கு அளித்த ஆதரவை நிறுத்தி, 1994இல்தான் மீண்டும் அளித்தது. அந்த இடைக்காலத்தில் நலிந்தவை குளத்தோரக் குடும்பங்கள்.

ஆகவே வந்ததெல்லாம் கேடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் திலாப்பியாவின் கதையை முன்னுதாரணமாகக் காட்டி, அடுத்த மீனையும் கண்ணை மூடிக்கொண்டு விடலாம் என்று வாதிடுவோர் ஒன்றை மறக்கிறார்கள். குளத்தில் பலித்தது கடலில் பலிக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. குளத்தை வேண்டுமானால் வற்றவிட்டுத் துப்புரவு செய்யலாம். கடலை எவர் வற்றவைப்பது?

பாக்கு நீரிணையின் இருபுறமும் இதற்கு இன்னோர் உதாரணம் இருக்கிறது. மீன் அல்ல, கடற்பாசி. கப்பாபைக்கஸ் என்ற அந்தப் பாசி தென்கிழக்காசியாவைச் சேர்ந்தது. உணவுத் தொழிலுக்கு வேண்டிய பொருள் அதிலிருந்து கிடைப்பதால் விலை உண்டு. இராமநாதபுரம் கரையோரத்தில் இரண்டாயிரமாம் ஆண்டுகளில் சுய உதவிக் குழுப் பெண்கள் அதை வளர்த்து வருவாய் கண்டார்கள். 2008ஆம் ஆண்டில், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு அருகே உயிருள்ள பவளப்பாறைகளின்மேல் அது படர்ந்து மூடுவதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். நம் பக்கத்திலும் கிளிநொச்சி மாவட்டத்தின் வலைப்பாடு போன்ற கிராமங்களில் அதே பாசி வளர்க்கப்படுகிறது. போரில் எல்லாவற்றையும் இழந்த கரையோரப் பெண்களுக்கு அது தரும் வருமானத்தை, நுகேகொடையில் இருந்துகொண்டு நான் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்தப் பெண்களின் கணவன்மாரும் பிள்ளைகளும் மீன் பிடிப்பதும் அதே கடலில்தானே. அருகிலுள்ள பாறைகளைத் தொடர்ந்து கண்காணித்து, முடிவுகளை அந்தக் கிராமத்தவருக்கே தமிழில் எடுத்துச் சொல்லும் ஏற்பாடு இல்லாமல் இத்தகைய வளர்ப்பை விரிவாக்குவது முறையல்ல.

துறைமுகம் என்னும் பெருவாசல்

நம் நாட்டின் மிகப் பெரிய வாசல் கொழும்புத் துறைமுகம். கொட்டாஞ்சேனையில் வாழ்ந்தவர்களுக்குக் கப்பல் சங்கொலி கேட்டுத்தான் பொழுது விடிந்திருக்கும். 2018ஆம் ஆண்டில் இந்தத் துறைமுகம் கையாண்ட கொள்கலன்களின் எண்ணிக்கை 70 இலட்சத்தைத் தாண்டியது. உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் கப்பல்கள் வருகின்றன. சரக்குக் குறைந்த கப்பல் சாயாமல் இருக்க, ஒரு துறைமுகத்தில் கடல்நீரை வயிற்றில் நிரப்பி, இன்னொரு துறைமுகத்தில் வெளியேற்றுகிறது. அந்த நீரோடு குஞ்சுகளும் முட்டைகளும் நுண்ணுயிர்களும் பயணம் செய்கின்றன. எந்தச் சுங்கத் திணைக்களமும் அவற்றிடம் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை.

கருங்கடல், கஸ்பியன் கடல் பகுதிகளைச் சேர்ந்த உளுவை இனச் சிறு மீன் ஒன்று 1990ஆம் ஆண்டில் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்று போலந்தை ஒட்டிய பால்டிக் கடல். மற்றது வட அமெரிக்கப் பேரேரிகளை அடுத்த சென் கிளெயர் ஆறு. இரண்டுக்கும் நடுவே ஒரு பெருங்கடல் கிடக்கிறது. விரல் நீள உளுவை நீந்திக் கடக்கக்கூடிய தூரமா அது? கப்பல் நீரில் போனது என்பதே ஆய்வாளர் முடிவு. டென்மார்க்கிலும் ரொறொன்ரோவிலும் வாழும் நம்மவர்கள் தூண்டில் போட்டால், இன்று அந்த மீன் அவர்கள் கையிலும் அகப்படும்.

கப்பல் நீரைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் உருவாகி, 2017 செப்டெம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கையொப்பங்களுக்காகக் காத்திருந்தார்கள், கடல் காத்திருக்கவில்லை. இலங்கையில் 2008ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் கடல் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபை இயங்குகிறது. எத்தனை கப்பல்கள் சோதிக்கப்பட்டன, துறைமுக நீரில் என்னென்ன புதிய உயிரினங்கள் காணப்பட்டன என்ற விபரங்கள் மூன்று மொழிகளிலும் ஆண்டுதோறும் பொதுமக்களின் பார்வைக்கு வர வேண்டும். துறைமுக வருமானம் பற்றிய செய்தி முதற்பக்கத்தில் வருகிறது. அந்த வாசலால் வேறு என்ன உள்ளே வருகிறது என்ற செய்தியும் வரவேண்டும் அல்லவா?

சொல்லிலும் கவனம் வேண்டும்

செய்தி மேசையில் இருந்த நாட்களில் ஓர் இளம் நிருபர் கத்தி மீனைப் பற்றி நல்லதொரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தார். அவர் வைத்திருந்த தலைப்பு, 'கள்ளத்தோணியில் வந்த மீன்'. சுவையான தலைப்புத்தான். ஆனால் நான் அதை வெட்டினேன். அவருக்கு மனவருத்தம். காரணத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார்.

கள்ளத்தோணி என்ற சொல்லால் இந்நாட்டில் யார் அழைக்கப்பட்டார்கள் என்பதை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. தேயிலை மலைகளைத் தம் உழைப்பால் உருவாக்கிய மக்கள் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆக்கப்பட்டபோது, அந்தச் சொல்லும் கூடவே எறியப்பட்டது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் அதிகமானோர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். தலைநகரில் தங்க உங்களுக்கு என்ன காரணம் என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. மறுநாள் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. அந்த விடுதிகள் சில என் வீட்டுத் தெருவிலேயே இருந்தன.

'வந்தேறி', 'அந்நியன்', 'ஆக்கிரமிப்பாளன்' போன்ற சொற்களை மீனின்மேல் பழக்கிவிட்டால், அவை மனிதர்மேல் இன்னும் எளிதாக வழுக்கி விழும். மீன்களில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு; ஓர் இனம் இன்னோர் இனத்தின் கடலுக்குள் புகுந்தால் அந்தக் கடலின் சமநிலை குலையலாம். மனிதர் எல்லோரும் ஓரினம். மனிதன் ஊர் மாறுவதை மீன் கடல் மாறுவதோடு ஒப்பிடுவது அறிவியலுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது. பன்னாட்டு அறிஞர் சிலர் இப்போதெல்லாம் போர்க்களச் சொற்களைத் தவிர்த்து எழுத முயல்வது நல்ல மாற்றம். 'வேற்றிட மீன்', 'பரவும் மீன்' என்று எழுதினால் செய்தி குறைந்துவிடாது.

இன்னொன்றும் உண்டு. மீனை எதிரி என்று எழுதும்போது, அதைக் கொண்டுவந்தவன் செய்தியிலிருந்தே மறைந்துபோகிறான்.

என்ன செய்யலாம்?

பிடித்துத் தின்றே தீர்த்துவிடலாம் என்பது பலர் கூறும் வழி. அமெரிக்காவில் சிங்கமீனை உணவகங்களில் பரிமாறுகிறார்கள். நீர்மூழ்கிகள் தொடர்ந்து வேட்டையாடும் இடங்களில் அதன் தொகை குறைவதும் உண்மை. ஆனால் அவர்கள் இறங்க முடியாத ஆழத்திலும் அது வாழ்கிறது. அங்கிருந்து மறுபடியும் மேலே வருகிறது. ஒரு மீனுக்குச் சந்தை உருவாகிவிட்டால், அது அழிவதை விரும்பாத வியாபாரிகளும் உருவாகிவிடுவார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. தின்பது தவறல்ல, அதை மருந்தென்று நம்பிவிடுவதே தவறு.

ஆகவே காவல் இருக்க வேண்டிய இடம் வாசல்தான். உயிர் மீன் இறக்குமதிக்கு நம் நாட்டில் விதிகள் இருக்கின்றன. ஆபத்தானவை என்று தெரிந்தவற்றை மட்டும் தடைசெய்வதைவிட, தீங்கற்றவை என்று ஆராய்ந்து தெளிந்தவற்றை மட்டும் அனுமதிப்பதே பாதுகாப்பான முறை. தெரியாத மீனைப் பற்றிய ஐயத்தின் பயனைக் குளத்துக்கும் கடலுக்கும் கொடுக்க வேண்டும், வியாபாரிக்கு அல்ல. அலங்கார மீன் தொழில் இந்நாட்டில் பலருக்குச் சோறு போடுகிறது; அதை மூடச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு மீனும் எவ்வளவு வளரும் என்பதைக் கடையில் எழுதி வைக்கச் செய்யலாம். வளர்க்க முடியாதவர்களிடமிருந்து மீனைத் திரும்பப் பெறுவதை விற்பவரின் கடமையாக்கலாம். 2006இல் அப்படியொரு விதி இருந்திருந்தால் என் வாளி கால்வாய்க்குப் போயிராது.

மகன் இப்போது ரொறொன்ரோவில் இருக்கிறான். தொலைபேசியில் கால்வாய்க் கரைச் சம்பவத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்பா, இங்கே மீன் கடையிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள், வளர்க்க ஏலாவிட்டால் ஏரியில் விடாதீர்கள், எங்களிடம் கொண்டுவாருங்கள் என்று" என்றான். "அண்டைக்கு எங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்போம்தானே?" என்றும் கேட்டான்.

கேட்டிருப்போம் என்றுதான் நம்புகிறேன். அவனுக்குச் சொல்ல எவரும் இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் சொல்ல வேண்டிய தொழிலில் இருந்தவன் நான். முப்பது ஆண்டுகளில் எத்தனையோ கட்சிப் பிளவுகளுக்குக் கட்டுரை எழுதினேன். இதைப் பற்றி ஒரு பந்திகூட எழுதவில்லை. அந்தக் கடனில் ஒரு பகுதியை இன்று தீர்க்கிறேன். இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்குமானால், அதிலுள்ள மீனைக் கடைசிவரை வளருங்கள். முடியாவிட்டால் வளர்ப்பவர் ஒருவரிடம் கொடுங்கள். இரக்கப்பட்டு நீரில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.